‘ஸ்டாக் இல்ல... வெளியில வாங்கிக்கோங்க’: அரசு மருந்து கொள்முதலில் சிஏஜி எதைத் தோண்டுகிறது? முழு விளக்கம்

அரசு மருத்துவமனை. காலை 11 மணி. ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்தகம் முன்னால் வரிசையில் நின்று ஒருவழியாக ஜன்னலுக்கு வந்தாச்சு. சீட்டைப் பார்த்த மருந்தாளுநர் மூன்று மாத்திரைகளை எடுத்து வைக்கிறார். நான்காவதைப் பேனாவால் வட்டம் போட்டு, “இது ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்கோங்க” என்கிறார்.

பலருக்கும் பழகிப்போன காட்சி இது. ஆனால் அந்த ஒரு வட்டத்துக்குப் பின்னால் நான்கு கேள்விகள் இருக்கின்றன. அரசு பணம் ஒதுக்கலையா? ஒதுக்கியும் ஆர்டர் போடலையா? ஆர்டர் போட்டும் கம்பெனி அனுப்பலையா? வந்த மருந்து ஏதாவது ஒரு குடோனில் தூங்குதா?

இந்த நான்கு கேள்விகளுக்கும் ஆவணங்களை வைத்துப் பதில் தேடும் வேலைதான் மருந்து கொள்முதல் தணிக்கை. சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளியாகும்போதெல்லாம் ‘இத்தனை கோடி இழப்பு’ என்ற தலைப்புச் செய்தி வரும். ஆனால் தணிக்கையாளர்கள் விலையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு மாத்திரை கம்பெனியில் இருந்து நோயாளியின் கைக்கு வரும் வழி முழுவதையும் பார்க்கிறார்கள்.

எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், அரசுக்காக மருந்து வாங்குவது யார்?

தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994 ஜூலை 1-ம் தேதி அரசு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டு, 1995 ஜனவரி முதல் மருந்து சப்ளையைத் தொடங்கியது.

ஒரு மருத்துவமனை தனியாக 10 ஆயிரம் மாத்திரை வாங்கினால் ஒரு விலை. மாநிலத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் சேர்த்து கோடிக்கணக்கில் வாங்கினால் வேறு விலை. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்ற இந்த எளிய கணக்குதான் கழகத்தின் அடித்தளம்.

மாவட்டங்களில் மருந்துக் கிடங்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்கு மாதிரி ஒரு பாஸ்புக். அதில் அந்த மருத்துவமனைக்கான ஒதுக்கீடு ரூபாய் மதிப்பில் இருக்கும். கிடங்கில் இருந்து மருந்து எடுக்க எடுக்க அந்தத் தொகை கழியும். அவசரத் தேவைக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள ஒரு சிறு தொகை தனியாக உண்டு.

இந்த ஏற்பாட்டைப் பார்த்துதான் கேரளா 2007-ல் தனது கழகத்தை அமைத்தது. 2011-ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய ராஜஸ்தானும் இதே வழியைப் பின்பற்றியது.

ஏற்பாடு நல்லா இருக்கு, சரி. அது சொன்னபடி நடக்குதான்னு யார் பார்ப்பது? அங்கேதான் தணிக்கை வருகிறது.

சிஏஜி-க்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

அரசியலமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் சிஏஜி பதவியைப் பற்றிப் பேசுகின்றன. பணிகள், அதிகாரங்கள் 1971-ம் ஆண்டுச் சட்டத்தில் விரிவாக இருக்கின்றன. அரசுத் துறைகளையும், அரசு நடத்தும் கம்பெனிகளையும் தணிக்கை செய்யும் உரிமை சிஏஜி-க்கு உண்டு. மருந்து வாங்கும் கழகங்களும் இதில் அடங்கும்.

தணிக்கையில் மூன்று வகை. கணக்கு சரியாக எழுதப்பட்டதா என்று பார்ப்பது நிதித் தணிக்கை. விதிகளைப் பின்பற்றினார்களா என்று பார்ப்பது இணக்கத் தணிக்கை. போட்ட பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்று பார்ப்பது செயல்திறன் தணிக்கை. மருந்து விஷயத்தில் பெரிய உண்மைகள் வெளியே வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான்.

ஒரு மாத்திரை கடக்க வேண்டிய 5 கதவுகள்

கதவு 1: எவ்வளவு வேணும்?

எல்லாம் தொடங்குவது இந்தக் கணிப்பில்தான். எந்த மருந்து, எத்தனை லட்சம், எந்த மாவட்டத்துக்கு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். டெங்கு சீசனுக்கு முன்பு குளுக்கோஸ் பாட்டில்கள் எவ்வளவு? கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து எவ்வளவு?

தணிக்கையாளர் கடந்த சில ஆண்டுகளின் உண்மையான செலவையும், மருத்துவமனை கேட்ட அளவையும், வாங்கிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தேவைக்கு மேல் வாங்கியிருந்தால் காலாவதி ஆகும். குறைவாக வாங்கியிருந்தால் ‘ஸ்டாக் இல்ல’. இரண்டுமே கணிப்பில் நடந்த தவறின் இரண்டு முகங்கள்.

கதவு 2: யாரிடம், என்ன விலைக்கு?

தமிழ்நாட்டில் அரசு டெண்டர்களுக்கு என்று 1998-ல் கொண்டுவரப்பட்ட ஒளிவுமறைவின்மைச் சட்டம் இருக்கிறது. மருந்து டெண்டர் இரண்டு கவர்களாக வரும். முதல் கவரில் கம்பெனியின் தகுதி: உரிமம், தயாரிப்புத் தரச் சான்று, அனுபவம். அதில் பாஸ் ஆனவர்களின் விலைக் கவர் மட்டுமே திறக்கப்படும். இருப்பதிலேயே குறைந்த விலை சொன்னவர் ‘எல்-1’.

இங்கே தணிக்கையாளர் தேடுவது என்ன? நிபந்தனைகள் ஒரே ஒரு கம்பெனிக்குப் பொருந்தும்படி எழுதப்பட்டதா? ஒரே ஒரு கம்பெனி மட்டும் வந்த டெண்டரை ஏன் ஏற்றார்கள்? பக்கத்து மாநிலம் இதே மாத்திரையை என்ன விலைக்கு வாங்கியது? தரமில்லாத மருந்து கொடுத்து வேறு மாநிலத்தில் கறுப்புப் பட்டியலில் இருக்கும் கம்பெனி உள்ளே வந்துவிட்டதா?

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. அது தேதி. பழைய விலை ஒப்பந்தம் முடிந்து, புதியது கையெழுத்தாக நான்கு மாதம் ஆனால், அந்த நான்கு மாதமும் யாருக்கும் ஆர்டர் போக முடியாது. யாரும் பணம் திருடவில்லை. ஆனால் ஜன்னலில் மருந்து இருக்காது.

கதவு 3: வந்தது மருந்துதானா?

தமிழ்நாட்டு முறைப்படி, கிடங்குக்கு வந்த மருந்து உடனே மருத்துவமனைக்குப் போகாது. தனியாக ஒதுக்கி வைக்கப்படும். ஒவ்வொரு பேட்ச்சில் இருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு, தயாரித்த கம்பெனியின் அடையாளம் மறைக்கப்பட்டு, ரகசியக் குறியீட்டோடு ஆய்வகத்துக்குப் போகும். எந்தக் கம்பெனியின் மருந்து என்று ஆய்வகத்துக்கே தெரியாது. பாஸ் ஆனால்தான் விநியோகம்.

தணிக்கையாளர் இங்கே இரண்டு தேதிகளைத் தேடுவார். ஆய்வக முடிவு வந்த தேதி ஒன்று. நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கிய தேதி மற்றொன்று. இரண்டாவது தேதி முதல் தேதிக்கு முந்தி இருந்தால், பரிசோதனை வெறும் காகிதச் சடங்கு என்று அர்த்தம். முடிவு வருவதற்குள் மாத்திரை நோயாளியின் வயிற்றுக்குள் போயிருக்கும்.

கதவு 4: பணம் எப்போது, எவ்வளவு?

பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் மூன்று காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கொள்முதல் ஆணை, கிடங்கு ரசீது, கம்பெனி பில். இதோடு தரப் பரிசோதனை முடிவும் சேரும். தமிழ்நாட்டு முறையில் தரம் பாஸ் ஆன பிறகே பணம்.

தாமதமாக சப்ளை செய்த கம்பெனியிடம் ஒப்பந்தப்படி அபராதம் பிடித்தார்களா? தரமில்லை என்று நிராகரித்த பேட்ச்சுக்குக் கொடுத்த பணம் திரும்பியதா? இவை தணிக்கையில் வழக்கமாக எழும் கேள்விகள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது. அரசு சரியான நேரத்தில் பணம் தரவில்லை என்றால் என்ன ஆகும்? நல்ல கம்பெனிகள் அடுத்த டெண்டருக்கு வர யோசிக்கும். வருபவர்களும் ‘எப்படியும் லேட்டாதான் தருவாங்க’ என்று அந்தத் தாமதத்தையும் விலையில் சேர்த்துவிடுவார்கள். ஆகவே பாக்கி பில்களும் தணிக்கையில் இடம்பெற வேண்டிய விஷயமே.

கதவு 5: நோயாளி கைக்கு வந்ததா?

கடைசிக் கதவு. இருப்புப் பதிவேட்டில் 500 என்று இருந்தால், அலமாரியில் 500 இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள். சீக்கிரம் காலாவதி ஆகும் மருந்து முதலில் வெளியே போகிறதா? இன்சுலின், தடுப்பூசி போன்றவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கின்றனவா? ஒரு மாவட்டத்தில் தேங்கிக் கிடக்கும் மருந்தை, தட்டுப்பாடு உள்ள மாவட்டத்துக்கு மாற்றினார்களா?

ஒரு கிடங்கில் காலாவதியாகி அழிக்கப்பட்ட அதே மருந்தை, பக்கத்து மாவட்ட மருத்துவமனை தனியார் கடையில் வாங்கியிருந்தால்? இரண்டு பதிவேடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வரை யாருக்கும் அது தெரியாது. அப்படி ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் தணிக்கை.

வெளியில வாங்கினா யாருக்கு நஷ்டம்?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு.

ஒரு மாத்திரையின் டெண்டர் விலை 50 காசு. உள்ளூர் கடையில் 2 ரூபாய். ஒரு மருத்துவமனைக்கு மாதம் 1 லட்சம் மாத்திரை தேவை. டெண்டர் நான்கு மாதம் தாமதம். மருத்துவமனையே கடையில் வாங்கினால் மாதம் 1.5 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு. நான்கு மாதத்துக்கு 6 லட்சம். ஒரே ஒரு மாத்திரைக்கு, ஒரே ஒரு மருத்துவமனையில்.

சரி, மருத்துவமனை வாங்காமல் சீட்டில் வட்டம் போட்டு நோயாளியையே வாங்கச் சொன்னால்? அப்போது அரசுக் கணக்கில் ஒரு ரூபாய்கூட கூடுதல் செலவு தெரியாது. பார்க்கப்போனால் மருந்து பட்ஜெட்டில் பணம் மிச்சம் ஆனதுபோல இருக்கும். அந்த ‘மிச்சம்’ நோயாளியின் சட்டைப் பையில் இருந்து போனது.

இதனால்தான் செயல்திறன் தணிக்கையில் கணக்குப் புத்தகம் மட்டும் போதாது. மருத்துவமனைக்கு நேரில் போய் இருப்பைச் சோதிப்பது, நோயாளிகளிடமே கேட்பது ஆகியவையும் தேவைப்படுகின்றன.

டெல்லியில் வெளிவந்தது என்ன?

டெல்லி அரசு மருத்துவமனைகளுக்கும் மருந்து வாங்க மத்திய கொள்முதல் முகமை ஒன்று இருக்கிறது. ஆனால் 2025 பிப்ரவரி 28-ம் தேதி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, அந்த முகமையால் நேரத்துக்கு மருந்து தர முடியவில்லை என்று கூறியது. 2016-17 முதல் 2021-22 வரையிலான காலத்தில் அத்தியாவசிய மருந்துகளில் 33 முதல் 47 சதவிகிதம் வரை மருத்துவமனைகள் உள்ளூர் கடைகளில் வாங்க வேண்டியிருந்தது என்பது அந்த அறிக்கையின் முக்கியத் தகவல்.

மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கத்தான் மத்திய கொள்முதல். மூன்றில் ஒரு பங்கை உள்ளூரிலேயே வாங்க வேண்டி வந்தால், அந்த ஏற்பாட்டின் நோக்கமே அடிபட்டுப் போகிறது.

கேரளாவில் கிளம்பிய விவாதம்

2025 ஜனவரியில் கேரள சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை வேறு ஒரு கதவைத் தட்டியது. கொரோனா தொடக்கத்தில், 2020-ல், அங்குள்ள மருத்துவப் பணிகள் கழகம் வாங்கிய பிபிஇ கிட்களில் 10.23 கோடி ரூபாய் கூடுதல் செலவு ஆனதாகவும், சில கொள்முதல்களில் 300 சதவிகிதம் வரை அதிக விலை கொடுக்கப்பட்டதாகவும் அறிக்கை கூறியது. காலாவதியான மருந்துகள் நோயாளிகளுக்கு வழங்கப்பட்டதையும் அது சுட்டிக்காட்டியது.

அப்போது சுகாதார அமைச்சராக இருந்த கே.கே.ஷைலஜா இதை மறுத்தார். கிட்களுக்கு உலகமே அல்லாடிய நேரத்தில், மருத்துவப் பணியாளர்களின் உயிரைக் காக்க கிடைத்த விலைக்கு வாங்க வேண்டியிருந்தது என்பது அவர் தரப்பு விளக்கம்.

பிபிஇ கிட் மருந்து அல்ல. ஆனால் கேள்வி மருந்துக்கும் அதேதான். அவசரத்தில் விதியைத் தளர்த்தலாம். அப்படித் தளர்த்தினால், ஏன் தளர்த்தினோம், வேறு யாரிடம் என்ன விலை கிடைத்தது, ஏன் அவரை விட்டோம் என்பதைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால் அது அவசர முடிவு. இல்லாவிட்டால் தணிக்கைத் தடை.

அமெரிக்காவில் எப்படி?

இந்தியாவில் அரசு நேரடியாக மருந்து வாங்கி இலவசமாகக் கொடுக்கிறது. அமெரிக்காவில் ஏழைகளுக்கான ‘மெடிக்கெய்டு’ திட்டத்தில் நோயாளி மருந்துக் கடையில் வாங்குவார், அரசு பணம் கட்டும். பிறகு மருந்து கம்பெனி ஒரு பகுதியைத் தள்ளுபடியாக அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். பிராண்டு மருந்துக்குக் குறைந்தது 23.1 சதவிகிதம். ஜெனரிக் மருந்துக்கு 13 சதவிகிதம்.

கடுமையான அலர்ஜிக்குப் போடும் ‘எபிபென்’ ஊசியை, அதைத் தயாரித்த மைலான் கம்பெனி ஜெனரிக் என்று வகைப்படுத்தி வந்தது. அதனால் தள்ளுபடி குறைந்தது. 2006 முதல் 2016 வரை அரசு 127 கோடி டாலர் வரை கூடுதலாகச் செலுத்தியிருக்கலாம் என்று அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கணக்கிட்டது. 2017-ல் 46.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது.

ஒரு படிவத்தில் இருந்த ஒரே ஒரு வார்த்தை, ‘ஜெனரிக்’. வித்தியாசம் கோடிக்கணக்கான டாலர். மருந்து தணிக்கையில் சின்னச் சின்ன விவரங்களைக்கூட ஏன் விடாமல் பார்க்கிறார்கள் என்பதற்கு இதுவே போதும்.

தணிக்கை நடக்கும் விதம் என்ன?

தணிக்கைக் குழு அலுவலகத்துக்கு வந்து கோப்புகளைக் கேட்கும். சந்தேகம் வந்தால் எழுத்தில் கேள்வி. அதிகாரிகள் பதில் தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் அது ஆய்வு அறிக்கையில் ‘பாரா’வாக இடம்பெறும். பெரிய விஷயங்கள் வரைவுப் பாராவாக அரசுச் செயலாளருக்குப் போகும். அரசின் பதிலையும் சேர்த்துதான் இறுதி அறிக்கை.

மாநில அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்படும். அதன்பிறகு துறைகள் குறித்த பாராக்களைப் பொதுக் கணக்குக் குழுவும், அரசு கம்பெனிகள் குறித்தவற்றைப் பொது நிறுவனங்கள் குழுவும் விசாரிக்கும். அதிகாரிகள் எம்.எல்.ஏ.க்கள் முன்னால் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

தணிக்கையால் முடியாதது எது?

முதலாவது, வேகம். டெல்லி அறிக்கையையே எடுத்துக்கொள்ளலாம். 2021-22 வரையிலான நிலவரம் 2025 பிப்ரவரியில்தான் சபைக்கு வந்தது. அந்த இடைவெளியில் நோயாளிகள் தங்கள் செலவில் மருந்து வாங்கி, சாப்பிட்டு, முடித்திருப்பார்கள்.

இரண்டாவது, தண்டனை. சிஏஜி போலீஸ் அல்ல. கைது செய்யவோ பணத்தை வசூலிக்கவோ முடியாது. சுட்டிக்காட்டலாம். நடவடிக்கை எடுக்க வேண்டியது அரசும் சட்டமன்றமும்தான்.

மூன்றாவது, போலி மருந்து. மகாராஷ்டிராவின் நாக்பூர் மாவட்டத்தில் அரசு மருத்துவமனைக்கு வந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் மருந்தே இல்லை, டால்கம் பவுடரும் ஸ்டார்ச்சும்தான் இருந்தன என்று 2024-ல் போலீஸ் குற்றப்பத்திரிகை கூறியது. ஹரித்வாரில் கால்நடை மருந்து ஆய்வகம் ஒன்றில் அவை தயாரானதாகவும் அதில் சொல்லப்பட்டது. இதைக் கண்டுபிடிக்க உதவியது மருந்து ஆய்வாளரின் சோதனை. பில், ரசீது, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது மாவாக இருக்கலாம். காகிதத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் மூன்றாவது கதவான தரப் பரிசோதனையை எந்தத் தணிக்கையாலும் ஈடுகட்ட முடியாது.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

* மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அரசு சப்ளை, விற்பனைக்கு அல்ல என்ற குறிப்பு இருக்கும். அதே அட்டை தனியார் கடையில் விலைக்கு வந்தால் புகார் செய்ய வேண்டிய விஷயம்.

* காலாவதி தேதி, பேட்ச் எண் இரண்டையும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மருந்தில் பிரச்சினை என்றால் முதலில் கேட்கப்படுவது பேட்ச் எண்தான்.

* ‘வெளியில வாங்கிக்கோங்க’ என்றால், எந்த மருந்து இல்லை என்பதை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள். எழுத்தில் இல்லாத தட்டுப்பாடு எந்தக் கணக்கிலும் வராது.

* தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

* தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். ‘மருந்து ஏன் இல்லை?’ என்று கேட்பதைவிட, ‘இந்த மருந்துக்கு எந்தத் தேதியில் தேவைப் பட்டியல் அனுப்பினீர்கள், எந்தத் தேதியில் கிடங்கில் இருந்து வந்தது, இருப்பு பூஜ்யமாக இருந்த நாட்கள் எத்தனை?’ என்று கேட்பது நல்லது. 30 நாளில் பதில் தர வேண்டும்.

சுருக்கமாக

அரசு மருந்து கொள்முதலில் ‘எவ்வளவு குறைந்த விலைக்கு வாங்கினோம்’ என்பது ஐந்து கதவுகளில் ஒன்று மட்டுமே. 50 காசுக்கு வாங்கிய மாத்திரை கிடங்கிலேயே காலாவதியானால் அது லாபம் இல்லை. தரம் பார்க்காமல் கொடுத்தால் அது மருந்தே இல்லை. நேரத்துக்கு வராவிட்டால் அந்தச் செலவு நோயாளியின் தலையில்.

சிஏஜி அறிக்கை வர ஆண்டுகள் ஆகலாம். அது வரும்போது புரட்டிப் பார்ப்பது இன்றைய சீட்டு, இன்றைய பதிவேடு, இன்றைய தேதி ஆகியவற்றைத்தான். மருந்தாளுநர் போட்ட அந்த வட்டம் எங்காவது எழுத்தில் பதிவாகி இருந்தால், ஒருநாள் யாராவது அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.